தகப்பனாருக்குக் கிழமைதோறும் ஒரு கடிதம்

சித்திரக் கலைஞர் றிச்சர்ட் டொயிலின் வாழ்க்கை

ஷெர்லொக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரின் பெயரைக் கேள்விப்படாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. அந்தக் கதைகளை எழுதியவர் ஆதர் கொனன் டொயில் என்பதையும் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் ஆதர் பிறப்பதற்கு முன்னரே டொயில் என்ற பெயர் இங்கிலாந்தில் பிரசித்தி பெற்றிருந்தது. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவர் ஆதரின் பெரியப்பாவான றிச்சர்ட் டொயில். விக்ரோறியா மகாராணியின் காலத்தில் பிள்ளைகளின் குறும்பையும், பெரியவர்களின் வேடிக்கைகளையும், கதைகளில் வரும் தேவதைகளின் கூத்தையும் பென்சிலால் வரைந்து மக்களைச் சிரிக்கவைத்தவர் அவர். தமது 26ஆவது வயதில், மனச்சாட்சியின் பொருட்டு, நல்ல வருமானமும் பெரும் புகழும் தந்த பதவியை விட்டு வெளியேறியவரும் அவரே.

அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? இதை அறிவதற்கு அவர் வளர்ந்த வீட்டுக்குள் சென்று பார்க்கவேண்டும்.

டப்ளினிலிருந்து லண்டனுக்கு

றிச்சர்ட் 1824ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் லண்டனில் பிறந்தார். வீட்டில் அவரை டிக் என்று அழைத்தார்கள். தகப்பனார் ஜோன் டொயில் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினைச் சேர்ந்தவர். ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர். ஓவியத் தொழிலில் முன்னேறும் எண்ணத்துடன் 1820களின் தொடக்கத்தில் மனைவி மரியானாவுடன் லண்டனில் குடியேறினார். கத்தோலிக்கர் ஒருவர் இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் அமர முடியாதிருந்த காலம் அது. அந்த உரிமை 1829இல்தான் சட்டத்தினால் கிடைத்தது.

ஜோன் டொயில் முதலில் குதிரைகளையும் சிறிய உருவப்படங்களையும் வரைந்து பிழைப்பு நடத்தினார். பின்னர் 1829 முதல் 1851 வரை அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். 900க்கு மேற்பட்ட அந்தப் படங்களில் எச்.பி. என்ற எழுத்துக்கள் மட்டுமே காணப்பட்டன. தமது பெயரின் முதலெழுத்துக்களை ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை அடுக்கி அவ்வாறு தோன்றச் செய்திருந்தார். வரைபவர் யார் என்பது பல ஆண்டுகளாக ஊராருக்குத் தெரியாது. பிரதம மந்திரிகளும் பிரபுக்களும் தங்களைக் கேலி செய்யும் கை யாருடையது என்று அறியாமலே அந்தப் படங்களை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவருக்கு முன்னிருந்த கேலிச்சித்திரக்காரர் பலர், மனிதரின் அங்கங்களைக் கோரமாக்கி, ஆபாசமும் கலந்து வரைந்தவர்கள். ஜோன் டொயிலோ எவரையும் இழிவுபடுத்தாமல் சிரிப்பு மூட்டினார். குடும்பத்தவர் கூடியிருக்கும் இடத்தில் பயமின்றி விரித்து வைக்கக்கூடிய படங்கள் அவை. இந்தக் கண்ணியம் மகனுக்கும் முதுசமாகக் கிடைத்தது.

பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள்

ஜோன் டொயிலுக்கு ஐந்து ஆண்பிள்ளைகளும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தனர். றிச்சர்ட் ஒருபோதும் பள்ளிக்கூடம் சென்றதில்லை. வீடே பள்ளியாகவும் தகப்பனாரே சித்திர ஆசிரியராகவும் இருந்தனர். அவர் கையாண்ட முறை சற்று வித்தியாசமானது. பிள்ளைகளை மேசையில் இருத்தி, ஒரு கிண்ணத்தையோ பழத்தையோ முன்னால் வைத்து வரையச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. லண்டன் நகருக்குள் போய் வாருங்கள் என்று அனுப்பினார். படைவீரரின் அணிவகுப்பு, இசைக்கச்சேரி, ஓவியக் கண்காட்சி, தெருவில் கூடும் சனங்கள் என்று எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்த இடத்தில் நின்று வரையக்கூடாது. கவனமாகப் பார்த்து, மனதில் பதித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் நினைவிலிருந்து வரையவேண்டும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கிழமையின் வேலையைத் தகப்பனாரிடம் காட்டவேண்டும். பிள்ளைகளுக்கு அது பயமும் ஆவலும் கலந்த நாள். வெளியில் சுற்றித் திரிவது விளையாட்டு. திரும்பி வந்து வரைவது வேலை. இரண்டுக்கும் இடையில் கோடு எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்கே சொல்லத் தெரியாத வகையில் அந்த வீடு நடந்தது.

இந்தக் குடும்பத்தைத் துயரம் சீக்கிரமே தேடி வந்தது. 1839இல் தாயார் மரியானா காலமானார். டிக்குக்கு அப்போது 15 வயது. கடைசித் தம்பி சார்ள்ஸ் ஏழு வயதுச் சிறுவன். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பிரான்சிஸ் என்ற சகோதரனும் அடிலெயிட் என்ற சகோதரியும் இளம்பராயத்திலேயே மறைந்தார்கள். தாயில்லாத வீட்டை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவை அந்தத் தகப்பனின் கண்டிப்பும் அன்புமே.

ஒரு சிறுவனின் நாட்குறிப்பு

1840ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி டிக் ஒரு நாட்குறிப்பை எழுதத் தொடங்கினான். புத்தாண்டு நாளில் நேரஞ்சென்று எழும்பியதையும், எடுத்த நல்ல தீர்மானங்களைக் காப்பாற்றாததையும் முதல் பக்கத்திலேயே ஒளிக்காமல் எழுதி வைத்தான். பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் சின்னஞ்சிறு படங்கள். குதிரைமேல் பாயும் வீரர்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் சனக்கூட்டம், படத்தை முடிக்க நேரமில்லாமல் தவிக்கும் தன்னுடைய உருவம் ஆகிய யாவும் அங்கே உண்டு. விக்ரோறியா மகாராணி மணமுடித்ததும், ஒரு பெனிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அந்தக் காலத்து லண்டனை ஒரு பிள்ளையின் கண்ணால் காட்டும் நூல்களில் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

அதே ஆண்டில் டிக்கின் முதலாவது சித்திரப் புத்தகம் அச்சாகி விற்பனைக்கு வந்தது. 1839இல் ஸ்கொட்லாந்தின் எக்லின்டன் என்ற இடத்தில் ஒரு பிரபு, பழைய காலத்து மாவீரர் போட்டியை மீண்டும் நடத்த முயன்றார். கொட்டும் மழை அதனைக் கெடுத்துவிட்டது. இரும்புக் கவசம் அணிந்த பிரபுக்கள் சேற்றில் வழுக்கிய கதை நாடெங்கும் சிரிப்பை உண்டாக்கியது. அதையே டிக் வேடிக்கைப் படங்களாக வரைந்தான். 15 வயதுச் சிறுவனின் விளையாட்டு, கடையில் விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டது.

1842, 1843ஆம் ஆண்டுகளில் தகப்பனார் புதியதொரு கடமையை விதித்தார். பிள்ளைகள் கிழமைதோறும் அவருக்குப் படங்கள் நிறைந்த கடிதம் ஒன்று எழுதவேண்டும். எல்லாரும் ஒரே வீட்டில்தான் வசித்தார்கள். மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து பேசக்கூடிய தகப்பனாருக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கடிதங்களில் டிக்கின் கை முதிர்ந்தது. சென்ற கிழமை எதைக் கண்டான், எதைக் கேட்டான், எது சிரிப்பைத் தந்தது என்பனவற்றை எழுத்தும் படமுமாகக் கோத்துக் கொடுத்தான். அவன் எழுதியவற்றுள் 50க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் நியூயோர்க் நகரின் மோர்கன் நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவை 2016இல் நூலுருவம் பெற்றன.

மறுபுறத்துப் பிள்ளைகள்

டிக் இந்தக் கடிதங்களை வரைந்துகொண்டிருந்த அதே 1842ஆம் ஆண்டில், வேறு வகையான படங்கள் இங்கிலாந்தை உலுக்கின. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை அவ்வாண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. அரசாங்க அறிக்கையில் வழக்கத்துக்கு மாறாகப் படங்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருட்டில் தனியே குந்தியிருந்து, வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடினார்கள். சற்று வளர்ந்தவர்கள் இடுப்பில் வார் கட்டி, கால்களுக்கிடையே சங்கிலி ஓட, நான்கு காலில் தவழ்ந்து நிலக்கரி வண்டியை இழுத்தார்கள். வாசித்து அறிந்தவர்களை விட, அந்தப் படங்களைக் கண்டு கலங்கியவர்கள் அதிகம். பெண்களும் சிறுமிகளும், பத்து வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளைகளும் நிலத்தின் கீழ் வேலை செய்வதைத் தடுக்கும் சட்டம் அந்த ஆண்டிலேயே நிறைவேறியது.

ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரு பிள்ளையின் வேலை விளையாட்டைப் போல் இனித்தது. இன்னொரு பிள்ளைக்கு விளையாட்டு என்ற சொல்லே தெரியாது. பிற்காலத்தில் றிச்சர்ட் டொயில் வரைந்த சிரிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த மறுபுறத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. அக்காலத்துச் சித்திரப் புத்தகங்களை வாங்கியவர்கள் வசதியுள்ள வீட்டார். அவர்களுடைய அடுப்பில் எரிந்த நிலக்கரியை வெட்டிய குடும்பங்களுக்கு அந்தப் புத்தகங்கள் எட்டாப் பொருள்.

டொயில் அந்த மறுபுறத்தை முற்றாக அறியாதவர் என்றும் சொல்லமுடியாது. 1844இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ், லண்டன் ஏழைகளின் பக்கம் நின்று, கோவில் மணியோசையை வைத்து ஒரு கிறிஸ்மஸ் கதை எழுதினார். கூலிக்குச் செய்தி கொண்டோடும் ஒரு கிழவனே அதன் கதாநாயகன். அந்த நூலுக்குப் படம் வரைந்த கலைஞர்களுள் 20 வயது டொயிலும் ஒருவர். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் டிக்கன்ஸின் கிறிஸ்மஸ் நூல்களுக்கு அவர் படம் வரைந்தார்.

பஞ்ச் சஞ்சிகையின் மேசையில்

1841இல் லண்டனில் தொடங்கிய பஞ்ச் என்னும் நகைச்சுவை வார சஞ்சிகை வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. தாயாரின் சகோதரரான மைக்கல் கொனன் மூலம் டொயிலுக்கு 1843இல் அங்கே இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19. அங்கு அவர் முதலில் கற்கவேண்டியிருந்தது மரக்கட்டையில் வரையும் முறையை. அக்காலத்துச் சஞ்சிகைப் படங்கள் உறுதியான மரக்கட்டைகளிலிருந்து அச்சிடப்பட்டன. ஓவியர் கட்டையின் வழுவழுப்பான முகத்தில் படத்தை இடம் வலமாக மாற்றி வரைவார். செதுக்குபவர் கோடுகளை மாத்திரம் விட்டு மிகுதியைக் கூரிய உளியால் அகற்றுவார். எஞ்சி நிற்கும் கோடுகளில் மை பூசி எழுத்துக்களுடன் சேர்த்து அச்சிடுவார்கள். கட்டையில் வரைந்த படம் செதுக்கும்போதே அழிந்து போகும். பஞ்சின் செதுக்குக் கலைஞரான ஜோசப் ஸ்வெயின் இந்த வேலையின் நுட்பங்களை இளைஞருக்குப் பழக்கிக் கொடுத்தார்.

டொயிலின் கை கிழமை வேலைக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. ஞாயிறுதோறும் தகப்பனாருக்குக் கொடுத்ததையே இப்பொழுது நாடு முழுவதற்கும் கொடுத்தார். பக்கத்தின் ஓரங்களிலும், தலைப்பு எழுத்துக்களைச் சுற்றியும் சின்ன மனிதர்கள் ஏறி இறங்கி விளையாடினார்கள். தமது பெயரின் முதலெழுத்தின்மேல் ஒரு சிறு பறவையைக் குந்தவைத்து, அதையே கையொப்பமாகப் பயன்படுத்தினார்.

1844இல் பஞ்ச் சஞ்சிகைக்கு அவர் ஓர் அட்டைப்படம் வரைந்தார். 1849இல் அதனை மாற்றி மீண்டும் வரைந்தார். நடுவில் கூன் விழுந்த பஞ்ச், அருகில் அவருடைய நாய், சுற்றிலும் கூத்தாடிச் செல்லும் சிற்றுருவங்களின் ஊர்வலம். இந்த அட்டைப்படம் 1956 வரை, நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஆங்கிலேயர் தங்கள் வாசலில் கண்ட படம் அது.

1850ஆம் ஆண்டின் சோதனை

16ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட மதப் பிளவுக்குப் பின்னர் இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கென முறையான மேற்றிராசனங்கள் இருக்கவில்லை. பாப்பரசரின் பிரதிநிதிகளே அவர்களைப் பராமரித்து வந்தார்கள். 1850ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மேற்றிராசனங்களை மீண்டும் நிறுவினார். நிக்கலஸ் வைஸ்மன் கர்தினாலாக உயர்த்தப்பட்டு வெஸ்ட்மின்ஸ்டரின் அதிமேற்றிராணியாராக நியமிக்கப்பட்டார்.

செய்தி லண்டனை எட்டியதும் பெருங் கொந்தளிப்பு எழுந்தது. பிரதம மந்திரியாகிய ஜோன் றசல் பிரபுவே பாப்பரசரின் செயலைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நவம்பர் 5ஆம் திகதி இரவு தெருக்களில் பாப்பரசரதும் கர்தினாலதும் கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டில் கத்தோலிக்க மேற்றிராணிமார் அந்தப் பட்டங்களைப் பாவிப்பதைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது. அச்சட்டம் நடைமுறையில் பயனற்றுக் கிடந்து, 1871இல் நீக்கப்பட்டது.

பஞ்ச் இந்தக் கொந்தளிப்பில் முன்னணியில் நின்றது. கிழமைக்குக் கிழமை பாப்பரசரையும் கர்தினாலையும் மட்டுமன்றி, கத்தோலிக்க விசுவாசத்தையே பரிகசிக்கும் எழுத்துக்களும் படங்களும் வெளியாயின. அதே சஞ்சிகையின் அட்டையில், அதே கிழமைகளில், கத்தோலிக்கரான டொயிலின் சித்திரம் சிரித்துக்கொண்டிருந்தது.

இத்தகைய படங்களை நீரே வரையவேண்டும் என்று அவரை யாரும் வற்புறுத்தவில்லை. அவருடைய விசுவாசத்துக்கு விரோதமான வேலை அவரிடம் கேட்கப்படாது என்றே சொல்லப்பட்டது. வேறு ஒருவராயின் அந்த வாக்குறுதியுடன் திருப்தியடைந்திருக்கலாம். என் கை சுத்தமாக இருக்கிறது, மற்றவர்கள் செய்வதற்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லிச் சம்பளத்தையும் வாங்கியிருக்கலாம். பஞ்ச் கலைஞர்கள் கிழமைதோறும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து உணவருந்தி, அடுத்த இதழின் கேலி எதுவென்று தீர்மானிப்பது வழக்கம். தமது தகப்பனார் மண்டியிட்டு வணங்கும் விசுவாசம் பகிடிப்பொருளாகும் மேசையில் தாமும் ஓர் ஆளாக அமர்வதற்கு டொயிலின் மனம் இடந்தரவில்லை. 1850ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பஞ்சிலிருந்து விலகினார்.

அவர் அறிக்கை விடவில்லை, கூட்டம் கூட்டவில்லை. பஞ்ச் நண்பர்களைத் திட்டவும் இல்லை. நாவலாசிரியர் தக்கரே போன்றோர் பின்னரும் அவருடைய நெருங்கிய நண்பர்களாகவே இருந்தார்கள். ஏழு ஆண்டுகள் உழைத்துப் பெற்ற இடத்தை அமைதியாக விட்டு எழுந்து சென்றார், அவ்வளவுதான். அவருடைய இடத்துக்கு ஜோன் டெனியல் என்ற இளைஞர் சேர்க்கப்பட்டார். அந்த டெனியலே பிற்காலத்தில் ஆலிஸ் என்ற சிறுமியின் அற்புத உலகத்துக்குப் படம் வரைந்து உலகப்புகழ் பெற்றார். டொயிலின் அட்டைப்படமோ அவர் போன பின்னும் அங்கேயே தங்கிவிட்டது.

கோல்டன் நதியும் தேவதைகளின் நாடும்

பஞ்சை விட்ட சில வாரங்களுக்குள், 1850 டிசெம்பரில், ஜோன் றஸ்கின் எழுதிய கோல்டன் நதியின் அரசன் என்ற சிறுவர் கதை டொயிலின் படங்களுடன் வெளிவந்தது. இந்தக் கதையின் நாயகன் குளுக் என்ற சிறுவன். மூத்த சகோதரர் இருவரும் அவனை வேலைக்காரனைப் போல நடத்துவார்கள். இறைச்சி வாட்டுவது, சப்பாத்துத் துடைப்பது எல்லாம் அவன் வேலை. கடைசியில் பேராசை பிடித்த இருவரும் கருங்கற்களாகிறார்கள். தாகத்தால் தவித்த கிழவனுக்கும் குழந்தைக்கும் நாய்க்கும் தன் தண்ணீரை ஈந்த குளுக் வாழ்வடைகிறான். வேலையே கதியென்று வாடும் பிள்ளையின் முகத்தையும், அவனுக்குள் அணையாதிருந்த இரக்கத்தையும் காட்டிய அந்த நூல் பல தலைமுறைப் பிள்ளைகளின் கைகளில் தவழ்ந்தது.

அதன்பின் டொயில், மூன்று ஆங்கிலேயர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கும் வேடிக்கைப் பயணத்தை 1854இல் சித்திர நூலாக வெளியிட்டார். தக்கரேயின் நியூகம்ஸ் என்ற பெரிய நாவலுக்கும் படம் வரைந்தார். 1869ஆம் ஆண்டின் இறுதியில், 1870 என்று ஆண்டு குறிக்கப்பட்டு, அவருடைய மிகச்சிறந்த நூல் வெளிவந்தது. தேவதைகளின் நாட்டைக் காட்டும் அந்த நூலின் வண்ணப்படங்களை எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சுக்கலைஞர் ஒவ்வொரு வர்ணத்துக்கும் வெவ்வேறு மரக்கட்டை கொண்டு அச்சிட்டார். வழக்கமாகக் கதைக்குத்தான் படம் வரைவார்கள். இங்கோ முதலில் படங்கள் பிறந்தன. அவற்றுடன் சேர்ப்பதற்கு வில்லியம் அலிங்கம் என்ற கவிஞர் பாட்டு எழுதினார்.

அந்தப் பக்கங்களில் சின்னஞ்சிறு மனிதர்கள் நத்தைகளின்மேல் ஏறிப் பந்தயம் ஓடுகிறார்கள். பன்னிரண்டு வண்ணத்துப்பூச்சிகள் பூட்டிய தேரில் அரசி உலாவருகிறாள். ஒரு படத்தில் குள்ளர் ஒருவர் குஞ்சுப் பறவைகளை வரிசையாக இருத்திப் பாட்டுப் பழக்குகிறார். வாய் திறந்து பாடும் அந்தக் குஞ்சுகளையும், முன்னே நிற்கும் ஆசிரியரையும் பார்க்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தகப்பனார் முன் நின்ற ஏழு பிள்ளைகளே நினைவுக்கு வருகிறார்கள். படம் வரைந்தவருக்கு அப்போது வயது 45. தகப்பனார் ஜோன் டொயில் 1868 ஜனவரியில் காலமாகி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

மறைக்கக்கூடாத குறைகள்

ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது நல்லவற்றை மாத்திரம் அடுக்குவது நேர்மையாகாது. பஞ்சை விட்டபின் டொயில் குறித்த நாளில் வேலையை முடித்துக் கொடுக்கச் சிரமப்பட்டார். நியூகம்ஸ் நாவலுக்கு உரிய படங்கள் பிந்தி வந்தமையால் தக்கரே வருந்தினார். மரச்செதுக்கில் பேர்பெற்ற டல்சியல் சகோதரர்களும் அவருடைய தாமதத்தால் அலுத்துப்போனார்கள். ஒருமுறை, பென்சில் இல்லாமையால் வரையவில்லை என்று சாட்டுச் சொன்னாராம். கிழமைதோறும் தவறாமல் தகப்பனாரிடம் படம் காட்டிய அதே டிக்தான் இவர். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் ஒருவர் காத்திருந்தபோது ஓடிய கை, தனித்து நின்றபோது தயங்கியது. பிள்ளைகளை நாம் பழக்கும் ஒழுங்கு, நாம் அருகில் இல்லாத நாளிலும் அவர்களுக்குள் தானே நடக்கவேண்டும். அந்தப் பாடத்தை அந்த நல்ல தகப்பனாலும் முழுமையாகக் கொடுக்க முடியவில்லை.

ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரர்களின் வாழ்க்கையும் ஒன்றுபோல் அமையவில்லை. மூத்தவரான ஜேம்ஸ் வரலாற்று நூல் எழுதி, தாமே அதற்கு வண்ணப்படங்களும் வரைந்தார். ஹென்றி 1869இல் அயர்லாந்தின் தேசிய ஓவியக் கூடத்துக்குப் பணிப்பாளரானார். கடைசித் தம்பி சார்ள்ஸ் 1849இல், 17 வயதில், வேலைக்காக எடின்பரோ நகருக்கு அனுப்பப்பட்டார். அவருக்கும் நல்ல கைத்திறன் இருந்தது. ஆனால் மதுப்பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. மனநோயாளர் விடுதிகளில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, அங்கேயும் தேவதைகளைப் படமாக வரைந்துகொண்டிருந்து, 1893இல் இறந்தார். ஏழு வயதில் தாயை இழந்து, வாலிபத்தின் தொடக்கத்திலேயே தனியாக அந்நிய ஊருக்குப் போனவர் அவர். இளையவன் மீது அதிக கவனம் வேண்டும் என்பதை எத்தனை குடும்பங்கள் பிந்தித்தான் உணர்கின்றன!

அந்தச் சார்ள்ஸின் மகனே ஆதர் கொனன் டொயில். யேசு சபையினரின் கல்லூரியில் கற்றுக்கொண்டிருந்த ஆதர், 1874ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் விடுமுறையில் லண்டனுக்கு வந்து பெரியப்பா றிச்சர்டுடனும் மாமி அனெற்றுடனும் தங்கினார். பெரியப்பாமார் பையனை அழைத்துச் சென்று நகரத்தின் காட்சிகளையெல்லாம் காட்டினார்கள். ஆதருக்கு அப்போது 15 வயது. அதே வயதில்தான் றிச்சர்ட் அந்த நகரத்தைத் தமது நாட்குறிப்பில் வரைந்திருந்தார். பார், நன்றாகப் பார், பார்த்ததை மறக்காதே என்று ஒரு தகப்பன் பிள்ளைகளுக்குக் கற்பித்த பாடம், நுணுகிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்தவரின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஓடியது என்று எண்ணத் தோன்றுகிறது.

முடிவு

றிச்சர்ட் டொயில் மணம் முடிக்கவில்லை. சகோதரி அனெற்றுடன் அமைதியாக வாழ்ந்தார். 1883 டிசெம்பர் 10ஆம் திகதி லண்டனில் தாம் உறுப்பினராயிருந்த சங்க மண்டபத்தில் பாரிசவாதத்தால் விழுந்தார். மறுநாள் இறைவனடி சேர்ந்தார். வயது 59. கென்சல் கிறீனிலுள்ள கத்தோலிக்க சேமக்காலையில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. சிறுவனாக எழுதிய நாட்குறிப்பு 1885இல் அச்சேறியது. இறந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் கிடைத்திருக்க முடியாது.

விக்ரோறியா காலத்தில் டொயிலைவிட உறுதியான கையுள்ள ஓவியர்கள் இருந்தார்கள். அவரைவிட அதிகம் சம்பாதித்தவர்கள் பலர். ஆனால், சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், எதைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அறிந்திருந்ததும், அதற்காகத் தமது பிழைப்பையே விலையாகக் கொடுத்ததும் அரிய செயலாகும். அந்த அறிவு 1850இல் திடீரென்று பிறந்ததன்று. எவரையும் இழிவுபடுத்தாத தகப்பனின் படங்களைப் பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன் நின்று நின்று, சிறுபராயத்திலேயே ஊறியது.

நமது வீடுகளிலும் பிள்ளைகள் கொப்பிகளின் பின்பக்கத்தில் எதையெதையோ கீறுகிறார்கள். படிப்பை விட்டுவிட்டு என்ன விளையாட்டு என்று அதட்டுவதற்கு முன்னால், ஒரு நிமிடம் அருகில் இருந்து, இதில் என்ன வரைந்திருக்கிறாய் என்று கேட்போமாக. கிழமைக்கு ஒருமுறையாவது பிள்ளையின் வேலையை உட்கார்ந்து பார்க்கும் தகப்பனும் தாயும், தாங்கள் அறியாமலே அப்பிள்ளையின் மனச்சாட்சிக்கும் அத்திவாரம் இடுகிறார்கள்.